தோல் புற்றுநோயும் மரபணுவும்: நம் வீடுகளில் நடக்கும் தவறுகள்

என் பெரியம்மாவின் உள்ளங்காலில், குதிகாலுக்குப் பக்கத்தில், ஐந்து காசு அளவுக்கு ஒரு கருந்திட்டு இருந்தது. செருப்பு கடித்த தழும்பு என்று இரண்டு வருடம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பயாப்ஸி எடுத்தால் மெலனோமா, அதாவது தோலின் நிறச் செல்களில் வரும் புற்றுநோய். கூட வந்த ரிப்போர்ட்டில், 'கிட் மரபணுவில் மாற்றம் உள்ளது' என்று ஒரு வரி. அதை யாரோ படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட, அன்றிரவு சிங்கப்பூரில் ஈசூனிலும் சரி, உட்லண்ட்ஸிலும் சரி, யாரும் தூங்கவில்லை. அக்கா மகளுக்கு வரன் பேசிக்கொண்டிருந்த நேரம் வேறு. "வெளியே மூச்சு விடாதீர்கள்" என்று அக்காவிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி.

அத்தனை பயமும் வீண். நம்மவர்கள் செய்யும் முதல் தவறே இதுதான். கட்டியிலிருந்து எடுத்த துணுக்கில் தெரியும் மரபணு மாற்றம் பெரும்பாலும் அந்தக் கட்டியின் செல்களில் மட்டும் இருப்பது. பிறந்தபோது இல்லாமல், வாழ்நாளில் எப்போதோ ஒரு செல்லில் விழுந்த கீறல் அது. பிள்ளைகளுக்குப் போகாது. கிட், பிராஃப் போன்ற மரபணுக்களில் டாக்டர்கள் மாற்றம் தேடுவது எந்த மருந்து வேலை செய்யும் என்று பார்க்கத்தான். குடும்பத்தில் இறங்கும் மாற்றத்தைக் கண்டுபிடிக்க ரத்தத்திலோ எச்சிலிலோ தனியாகப் பரிசோதிக்க வேண்டும். ரிப்போர்ட்டைப் படமெடுக்கும் முன், 'எதிலிருந்து எடுத்த மாதிரி?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

உண்மையிலேயே பரம்பரையாக வரும் மெலனோமா உண்டு, குறைவு. அதில் அதிகம் பேசப்படுவது சிடிகேஎன்2ஏ என்ற மரபணு. பெற்றோரில் ஒருவரிடம் அதில் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பில் அது இறங்கும். கோளாறு இறங்கினாலும் நோய் வந்தே தீரும் என்றில்லை. ஒரே பக்கத்து உறவில் பலருக்கு மெலனோமா, ஒருவருக்கே இரண்டு மூன்று முறை, அல்லது மெலனோமாவோடு கணையப் புற்றுநோயும் குடும்பத்தில் உண்டு என்றால் சந்தேகப்பட வேண்டும். தேசியப் புற்றுநோய் நிலையத்தில் இதற்கென்றே மரபணு ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. அங்கே முதலில் கேட்பது வம்சாவளி. நாம் மாட்டிக்கொள்வதும் அங்கேதான். தாத்தா எதனால் இறந்தார் என்று கேட்டால், "ஊரில் ஏதோ கட்டி" என்பதற்கு மேல் நமக்கு ஒன்றும் தெரியாது. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

அப்புறம், 'நமக்குக் கறுப்புத் தோல், வராது' என்ற பேச்சு. பாதி சரி. தோலுக்கு நிறம் தரும் மெலனின் வெயிலைத் தடுக்கிறது, வெள்ளையர்களைவிட நமக்கு ஆபத்து மிகக் குறைவு. ஆனால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வரும் மெலனோமாவுக்கு வெயில் முக்கியக் காரணமே இல்லை. கருந்தோல்காரர்களுக்கு மெலனோமா வந்தால் அதில் பெரும் பங்கு இந்த இடங்களில்தான். பாடகர் பாப் மார்லிக்குக் கால்விரலில் வந்து, 1981-இல் 36 வயதிலேயே இறந்தார். அதற்காக வெயிலை மறந்துவிடவும் வேண்டாம். இங்கே நண்பகலில் புற ஊதாக் குறியீடு மிகக் கடுமையான அளவான 11-ஐத் தொடும் நாள்கள் நிறைய.

சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களுக்கு இன்னொன்று. ஜெரோடெர்மா பிக்மென்டோசம் என்று ஓர் அரிய நோய். வெயில் சேதப்படுத்தும் டிஎன்ஏவைச் செல் தானே சரிசெய்துகொள்ளும் வேலை இதில் சரியாக நடக்காது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் நோய். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுதல். அப்படி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் 25 விழுக்காடு ஆபத்து. கைக்குழந்தை கொஞ்சம் வெயில் பட்டாலே கொப்புளித்தாலோ, இரண்டு வயதுக்குள் முகமெல்லாம் புள்ளி விழுந்தாலோ, 'வெயில் ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடாதீர்கள். பாட்டி வைத்தியம் பார்க்கும் விஷயமில்லை இது.

இணையத்தில் வாங்கும் எச்சில் டப்பா பரிசோதனையை நம்பி நிம்மதியாக இருப்பதும் தவறுதான். அவற்றில் பல, ஐரோப்பியர்களிடம் கண்ட மாற்றங்களை வைத்துச் செய்தவை. வெள்ளையர்களிடம் மெலனோமா ஆபத்தைக் கூட்டும் செம்பட்டை முடி மரபணு உங்களிடம் இல்லை என்று தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பரிசோதித்தால் காப்புறுதி கிடைக்காது என்று பயந்து தள்ளிப்போடுவோரும் உண்டு. மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லிக் காப்புறுதி நிறுவனங்கள் வற்புறுத்தக் கூடாது என்று சுகாதார அமைச்சும் ஆயுள் காப்புறுதிச் சங்கமும் 2021-லேயே உடன்பாடு செய்திருக்கின்றன. ஏற்கெனவே செய்த பரிசோதனையின் முடிவை அவர்கள் பயன்படுத்துவதில் மட்டும் பெருந்தொகைக் காப்புறுதி போன்ற சில விதிவிலக்குகள் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

மரபணு எப்படியிருந்தாலும் கால்களைப் பார்க்க வேண்டும். பல நகங்களில் மெல்லிய கருங்கோடு நம் தோலுக்குச் சகஜம். ஒரே நகத்தில் மட்டும் புதிதாக வந்து அகலமாகும் கோடு, நகத்தைத் தாண்டித் தோலில் பரவும் கறுப்பு, உள்ளங்காலில் வளரும் திட்டு இவையென்றால் பலதுறை மருந்தகத்துக்குப் போய் விடுங்கள். போகும்போது நகப்பூச்சை அழித்துவிட்டுப் போங்கள். காலில் மருதாணி இட்டிருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளங்காலின் ரேகைப் பள்ளத்தில் நிறம் இருந்தால் பெரும்பாலும் சாதாரண மச்சம், மேட்டில் இருந்தால் மெலனோமாவா என்று டாக்டர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். மருதாணியும் மேட்டில்தான் பிடிக்கும்.