தொடுதிரை விரலின் அழுத்தத்தை எப்படி அறிகிறது? நீங்களே சோதித்துப் பாருங்கள்

இன்றைய கைபேசிகள் பெரும்பாலானவற்றில் அழுத்தத்தை அளக்கும் உணரி கிடையாது. விரல் கண்ணாடியின்மேல் எவ்வளவு பரப்பில் படிகிறது என்பதை வைத்தே அழுத்தம் ஊகிக்கப்படுகிறது. கையில் ஓர் ஆண்ட்ராய்டு கைபேசி இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

படி 1: அமைப்புகளில் கைபேசியைப் பற்றிய பகுதிக்குச் சென்று, பில்டு எண்ணை ஏழு முறை தட்டுங்கள் (சில கைபேசிகளில் அது மென்பொருள் விவரங்களுக்குள் இருக்கும்). அதன்பின் திறக்கும் டெவலப்பர் விருப்பங்களில் 'பாயின்டர் லொகேஷன்' என்பதை இயக்கினால், திரையின் உச்சியில் ஒரு வரிசை எண்கள் தோன்றும். தொடும் இடம், அழுத்தம், தொடுபரப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும்.

படி 2: பேனாவின் பிளாஸ்டிக் மூடியால் திரையை அழுத்துங்கள். எவ்வளவு அழுத்தினாலும் எண்கள் அசையமாட்டா. கண்ணாடிக்கு அடியில், ஒன்றுக்கொன்று சில மில்லிமீட்டர் இடைவெளியில், இன்டியம் டின் ஆக்சைடு போன்ற ஒளிபுகும் கடத்தியாலான கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. அவை சந்திக்கும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு மின்தேக்கி, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் அமைப்பு. மின்கடத்தியான நம் விரல் அருகில் வந்ததும் அங்குள்ள மின்புலத்தில் ஒரு பங்கைத் தன்பால் ஈர்த்துக்கொள்வதால், அப்புள்ளியின் மின்தேக்குத்திறன் குறைகிறது. பிளாஸ்டிக்கால் அது இயலாது.

ஒரு விரல் ஒரே நேரத்தில் பல புள்ளிகளை மூடும். நடுவில் மாற்றம் மிகுதி, ஓரங்களில் குறைவு; இம்மாற்றங்களை வரைபடமாக வரைந்தால் ஒரு சிறு குன்றுபோல் இருக்கும். கட்டுப்பாட்டுச் சில்லு அக்குன்றின் எடையிட்ட சராசரியை (மாற்றம் மிகுந்த புள்ளிக்குக் கூடுதல் மதிப்புத் தரும் சராசரியை) கணக்கிட்டு, கோடுகளின் இடைவெளியைவிட நுட்பமாக இடத்தைக் கண்டுபிடிக்கிறது. குன்று பரவியிருக்கும் விதத்திலிருந்து விரல்தடத்தை ஒரு நீள்வட்டமாக மதிப்பிடுகிறது. உள்ளங்கை தவறுதலாகப் பட்டால் அதைப் புறக்கணிக்கவும் இந்த வடிவமே உதவுகிறது.

படி 3: முதலில் விரலைச் செங்குத்தாக நிறுத்தி நுனியால் மட்டும் தொடுங்கள். பிறகு சற்றும் அழுத்தாமல் விரலைப் படுக்க வையுங்கள். தொடுபரப்பு எண் உயரும். பல கைபேசிகளில் அழுத்த எண்ணும் கூடவே உயரும். அழுத்தும்போது விரலின் மென்சதை தட்டையாகிப் பரப்பு விரிவது உண்மையாதலால், இந்த ஊகம் முற்றிலும் பொருளற்றதன்று. ஆனால் மெல்லப் படிந்த கட்டைவிரல், ஊன்றி அழுத்திய சுண்டுவிரலை எளிதில் வென்றுவிடும்! உங்கள் கைபேசி அழுத்தத்தை எப்போதும் 1 என்றே காட்டினால், தொடுபரப்பு எண்ணை மட்டும் கவனியுங்கள்.

மெய்யான அழுத்தத்தை அளந்த கைபேசிகளும் உண்டு. 2015-இல் வந்த ஐபோன் 6எஸ், மேற்கண்ணாடி வளையும்போது அதற்கும் அடியிலுள்ள உணரிகளுக்கும் இடையிலான தூரத்தில் ஏற்படும் நுண்ணிய மாற்றத்தை அளந்தது. 2019-இன் ஐபோன் 11 வரிசையில் அந்த வசதி கைவிடப்பட்டது. எனக்கு அதில் சற்று வருத்தமே.

படி 4: சோதனை முடிந்ததும் 'பாயின்டர் லொகேஷன்' விருப்பத்தை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தொடும் இடமெல்லாம் கோடுகள் விழுந்துகொண்டே இருக்கும்.