வெற்றுப் பித்தளைத் தோட்டாக் கூடுகளைத் துலக்கி மறுநிரப்பலுக்கு ஆயத்தம் செய்தல்

சுட்டு முடித்த தோட்டாவின் கூட்டில் புதிய பிரைமரும் வெடிமருந்தும் குண்டும் இட்டு மீண்டும் பயன்படுத்துவதே மறுநிரப்பல். அதற்காகப் பித்தளைக் கூட்டைத் துலக்குவது பளபளப்புக்காக அன்று. (பிரைமர் என்பது கூட்டின் அடியில் பொருந்தி, அடிபட்டதும் தீ எழுப்பும் சிறு மூடி.) கரி படிந்திருக்கும் வரை மயிரிழை விரிசல் கண்ணுக்குப் புலப்படாது; ஒட்டியிருக்கும் மணல்துகளோ, விரிந்த கூட்டை அழுத்தி உரிய அளவுக்குக் கொண்டுவரும் அச்சின் உட்சுவரைக் கீறிவிட, அதன்பின் அந்த அச்சுக்குள் செல்லும் ஒவ்வொரு கூட்டின் மீதும் அதே கீறல் விழும். இந்த இரண்டையும் தவிர்த்தாலே துலக்கலின் பயன் கிடைத்துவிடுகிறது. மங்கலாக இருந்தாலும் சுத்தமான கூடு, மின்னும் கூட்டுக்கு இணையாகவே சுடும். மறுநிரப்பலுக்கு உரிமம் கேட்கும் நாடுகள் பல இருப்பதால், வேலையைத் தொடங்குமுன் தம் நாட்டுச் சட்டத்தை அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் தரம் பிரிக்க வேண்டும். காந்தத்தில் ஒட்டுபவை பித்தளை முலாம் பூசிய எஃகுக் கூடுகள். அவற்றையும் அலுமினியக் கூடுகளையும் ஒதுக்கிவிடலாம். கூட்டின் வாய்க்குள் விளக்கொளியைப் பாய்ச்சிப் பார்த்தால், நடுவில் ஒரே துளை தெரிவது பாக்ஸர் வகை, இரண்டு சிறு துளைகள் தெரிவது பெர்டான் வகை. பிரைமரைத் தள்ளும் வழக்கமான ஊசி பெர்டான் கூட்டில் துளையைச் சந்திக்காமல் அடிச்சுவரில் முட்டி உடையும். இவ்விரு முறைகளும் 1866-இல் பிறந்தவை. பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். ஆனால் இன்று அமெரிக்காவில் பரவலாக வழங்குவது பாக்ஸரின் முறை. அளவுவாரியாகப் பிரிப்பதையும் சோம்பலால் தள்ளிப்போடக் கூடாது: 9 மி.மீ. கூடு அதைவிட அகலமான .45 ஏசிபி கூட்டுக்குள் புகுந்து இறுகிக்கொண்டால், துலக்கும் உருளையில் எத்தனை மணிநேரம் சுற்றினாலும் உட்புறம் சுத்தமாகாது.

பிரிக்கும்போதே ஒவ்வொன்றையும் விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். கழுத்து பிளந்தவை, பிரைமர் தளர்ந்தவை, அடிப்பகுதி புடைத்தவை குப்பைக்குரியவை. ரைஃபிள் கூடுகளில் அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுற்றிலும் வெளிறிய வளையம் தெரிந்தால், உட்புறச் சுவர் அங்கே மெலிந்திருக்கக்கூடும். மெல்லிய கம்பியின் முனையை வளைத்து உள்ளே விட்டு, அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்துப் பார்க்கையில் பள்ளத்தில் இடறினால், அக்கூடு அடுத்த முறை சுடும்போது அந்த இடத்தில் இரண்டாகப் பிரியலாம். கூட்டின் விலையை நினைத்து இந்த இடத்தில் தயங்குவது தவறு.

ஈரமுறையில் துலக்குவதானால், பிரைமரை முன்கூட்டியே அகற்றிவிடுவது நல்லது. இல்லையேல் பிரைமர் குழி அழுக்காகவே இருப்பதோடு அங்கே நீரும் தங்கிவிடும். கூட்டின் சுவரைத் தொடாமல் பிரைமரை மட்டும் தள்ளும் அச்சு இதற்கென்றே கிடைக்கிறது. வெடிக்காத பிரைமர் உள்ள கூடோ முழுத் தோட்டாவோ கலந்துவிடாதபடி பார்த்துக்கொள்வது முக்கியம். சுழல் உருளையில் கூடுகளோடு துருப்பிடிக்காத எஃகு ஊசிகளைப் போட்டு, மூழ்கும் அளவுக்கு வெந்நீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகளும் எலுமிச்சை உப்பு கால் தேக்கரண்டியும் சேர்த்து, ஓரிரு மணிநேரம் சுழலவிட வேண்டும். எலுமிச்சை உப்பைத் தாராளமாகப் போட்டால் விரைவில் முடியும் என்று நினைப்பவர்களின் கூடுகள் இளஞ்சிவப்பாக வெளிவரும். பித்தளையின் மேற்பரப்பில் செம்பு மேலோங்கித் தெரிவதன் அடையாளம் அது. தேவைக்கு மேல் சுழலவிட்டால், கூடுகள் ஒன்றோடொன்று மோதி வாய் விளிம்பும் நசுங்கும்.

அம்மோனியா கலந்த பாலிஷை மட்டும் எக்காரணத்துக்காகவும் பயன்படுத்தக் கூடாது. தோட்டாப் பித்தளை என்பது ஏறத்தாழ 70 சதவீதம் செம்பும் 30 சதவீதம் துத்தநாகமும் கலந்த உலோகம். உள்ளிறுக்கம் உள்ள நிலையில் அம்மோனியா பட்டால் அது விரிசல் விடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்கள் தாமாகவே வெடிப்பு விட்டதும், குதிரைச் சிறுநீரின் அம்மோனியாவே அதற்குக் காரணம் என்று 1921-இல் விளக்கப்பட்டதும் உலோகவியலில் நன்கு அறியப்பட்ட செய்திகள்.

நல்ல நீரில் அலசியபின் துணியில் பரப்பி உலர்த்தலாம். மின் அடுப்பைப் பயன்படுத்துவோர், சமையலுக்குப் பயன்படாத ஒன்றில், 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயே வைத்துக்கொள்ள வேண்டும். அளவுமீறிய வெப்பத்தில் பித்தளை இளகுகிறது, இளகிய அடிப்பகுதி, .223 ரெமிங்டன் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு என்ற அழுத்தத்தைத் தாங்காது. உலர்ந்ததும் கழுத்திலோ, பிரைமரின் தீ உள்ளே பாயும் தீத்துளையிலோ ஊசி சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தே ஆக வேண்டும். அரைத்த சோளத்தண்டிலோ வாதுமை ஓட்டுத் துகளிலோ அதிரவைக்கும் உலர்முறையில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால், பிரைமரின் ஈயம் தூசியாக எழும் என்பதால் முகக்கவசத்துடன் திறந்த வெளியில்தான் அதைச் செய்ய வேண்டும்.

இனி அளவமைத்தல். ரைஃபிள் கூட்டின் உடலிலும் கழுத்தின் உள்ளேயும் மசகை மெல்லியதாகத் தடவ வேண்டும். குறைந்தால் கூடு அச்சில் சிக்கும். மிகுந்தால், உடல் கழுத்தாகக் குறுகும் தோள்பகுதி குழியும். தோளைத் தேவைக்கு மேல் பின்தள்ளுவதே மேலே சொன்ன வளையத்துக்குப் பெரும்பாலும் வித்திடுகிறது. பயன்படுத்தும் துப்பாக்கியில் சுட்ட கூட்டின் அளவிலிருந்து ஏறத்தாழ 0.05 மி.மீ. பின்தள்ளினால் போதுமென்பது கையால் தோட்டா ஏற்றும் துப்பாக்கியாளர்களின் வழக்கம். மிகக் கடினமான கார்பைடால் ஆன அச்சில் செலுத்தும் நேர்ச்சுவர் கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு மசகு பொதுவாகத் தேவையில்லை.

அளவமைக்கும்போது கூடு நீள்வதால், நீளத்தை அளப்பது அதன் பிறகே. .223 ரெமிங்டனுக்கு உச்ச நீளம் 44.70 மி.மீ.; அதைத் தாண்டியவற்றை 44.45 மி.மீ. அளவுக்கு வெட்டுவது வழக்கம். நீண்ட வாய், துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையின் முனையில் நெருக்குண்டு குண்டை இறுகப் பிடித்துக்கொண்டால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். வெட்டிய விளிம்பின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் லேசாகச் சீவி, மசகைத் துடைத்தெடுக்க வேண்டும். ராணுவக் கூடுகளில் பிரைமரைச் சுற்றி நெரித்திருக்கும் விளிம்பையும் நீக்கிவிட வேண்டும்; அது இருக்கும்வரை புதிய பிரைமர் நேராக உட்காராது.

ஆயத்தமான கூடுகளை மூடிய பெட்டியில், அளவும் இதுவரை எத்தனை முறை சுடப்பட்டவை என்பதும் எழுதிய சீட்டுடன் வைக்கலாம். துலக்கிய நீரில் ஈயம் கரைந்திருக்கும் என்பதால் அதைச் சமையலறைத் தொட்டியிலோ செடிகளுக்கோ ஊற்றாமல், அபாயக் கழிவுக்கு உள்ளூரில் உள்ள விதிப்படி அகற்றிவிட்டு, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே உணவைத் தொட வேண்டும்.