சிபியுவுக்குள் பஞ்சு மெத்தை: வீட்டுக் கம்ப்யூட்டரை நாமே தூசி தட்டலாம்

போன ஏப்ரலில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் கிரைண்டர் மாதிரி இரைய ஆரம்பித்தது. பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே இரைச்சல், கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். கடையில் காட்டினேன். "போர்டு போயிருக்கும், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். மனசு கேட்காமல் வீட்டுக்குத் தூக்கிவந்து நானே பிரித்துப் பார்த்தேன். புராசஸர் ஃபேனுக்கு அடியில் சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு போல ஒன்று படிந்திருந்தது. விரலால் உரித்தால் வட்டமாக ஒரே துண்டாக வந்தது.

நான் இருப்பது திருப்பூர். பக்கத்துச் சந்தில் நிட்டிங் மெஷின் ஓடுகிறது, ஆகவே எங்கள் தூசியில் பாதி பஞ்சு. மண் என்றால் ஊதினால் பறந்துவிடும். பஞ்சு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, புராசஸரின் சூட்டை வாங்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்கின் தகடுகளுக்கு மேல் மெத்தை விரித்துப் படுத்துவிடும். ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று உள்ளே போகாது. இரைச்சலுக்கும் அணைந்துபோவதற்கும் அதுதான் காரணம்.

அம்மா ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் கேபினெட்டைப் பளபளவென்று துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிடுவார். முன்பக்கச் சல்லடையில் பூசிய திருநீறு நேராக உள்ளேதான் போயிருக்கிறது. 8 வருடத்தில் உள்ளே எட்டிப் பார்த்தவர் யாரும் இல்லை.

தேவையானவை

ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், புதிய 1 இஞ்ச் பெயிண்ட் பிரஷ், கையில் பிடிக்கும் எலக்ட்ரிக் புளோயர். கூலரை (ஃபேனும் ஹீட்சிங்கும் சேர்ந்தது) கழற்றுவதாக இருந்தால் தெர்மல் பேஸ்ட்டும் (புராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை) ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் வேண்டும். நான் வாங்கிய பேஸ்ட் ஆர்க்டிக் எம்எக்ஸ்-4. துடைக்க டிஷ்யூ பேப்பர் போதும். பழைய பனியன் துணி வேண்டாம், அதுவே பஞ்சு விடும்!

புளோயர் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஹேர் டிரையர் சூடாக ஊதும். வேக்யூம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கில் நிலைமின்சாரம் சேரும். நண்பர் ஒருவர் பஞ்சர் கடைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் காற்றடித்தார். கம்ப்ரசர் டாங்கில் தண்ணீர் தேங்கும், அது காற்றோடு சேர்ந்து மதர்போர்டில் தெளிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

படி 1: பிரிப்பது

ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். மிச்ச மின்சாரம் வடியும். பின்னால் இருக்கும் கேபிள்களைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கழற்றுங்கள். மொட்டைமாடிக்குத் தூக்கிப் போங்கள், அறைக்குள் செய்தால் வீடு முழுக்கப் புழுதி. பக்கத் தகட்டைத் திறந்ததும், எதையும் தொடும் முன் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள்.

படி 2: ஊதுவது

பிரஷ்ஷால் தூசியைக் கிளப்பிவிட்டு, ஒரு சாண் தள்ளி நின்று ஊதுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பேரிங் போய்விடும்.

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். நம் 230 வோல்ட் அதற்குள் சுமார் 325 வோல்ட் டிசியாக மாறி கெபாசிட்டரில் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். வெளியிலிருந்தே விட்டு விட்டு ஊதுங்கள்.

ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதா? அப்படியானால் இத்தோடு மூடிவிடுங்கள். கூலரைக் கழற்ற வேண்டியதில்லை.

படி 3: கூலர் (என் ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தின்ற இடம்)

என்னுடையது நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, கூடவே வந்த வட்டக் கூலர். நாலு மூலையிலும் நாலு கறுப்புத் தலைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு அம்புக்குறி. அம்பு காட்டும் பக்கம் கால் சுற்று திருப்பி மேலே இழுத்தால் விடுபடும். ஃபேன் வயரைப் பிடுங்கிவிட்டுக் கூலரை எடுத்து, மெத்தையை உரித்து, தகடுகளைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தேன். காய்ந்துபோன பேஸ்ட்டை ஆல்கஹால் தொட்ட டிஷ்யூவால் துடைத்தேன். புது பேஸ்ட்டைப் புராசஸரின் நடுவில் துவரம்பருப்பு அளவு வைத்தேன். கொண்டைக்கடலை அளவு வைத்தால் பக்கவாட்டில் வழியும். பரப்பிவிடத் தேவையில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும்.

இதுவரை சரி. திரும்ப மாட்டும்போதுதான் கோட்டை விட்டேன். அம்புக்குறியை இறுக்கும் திசை என்று நினைத்துக்கொண்டு, அந்தப் பக்கமே திருப்பி வைத்து அழுத்தினேன். உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. ஆன் செய்தால் ஒரு நிமிடத்தில் அணைந்தது. இரண்டு முறை பிரித்து, இரண்டு முறை பேஸ்ட் வீண்.

அம்பு காட்டுவது கழற்றும் திசை. மாட்டுவதற்கு முன் நாலு தலையையும் அம்புக்கு எதிர்ப்பக்கமாக, முட்டும்வரை திருப்பி, மேலே இழுத்துவிடுங்கள். கூலரை ஓட்டைகளுக்கு நேராக வைத்து, குறுக்குக் குறுக்காக இரண்டிரண்டு தலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்ல வேண்டும். போர்டு லேசாக வளையும், பயப்படாதீர்கள். அப்புறம் கேபினெட்டின் மறுபக்கத் தகட்டையும் திறந்து, மதர்போர்டின் பின்புறம் பாருங்கள். நாலு இடத்திலும் வெள்ளைப் பிளாஸ்டிக் கால் விரிந்து, நடுவில் கறுப்பு முள் எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். எனக்கு மூன்றாவது முறையும் ஒரு கால் ஏமாற்றியது.

ஃபேன் வயரை மதர்போர்டில் 'சிபியு ஃபேன்' என்று எழுதியிருக்கும் இடத்தில் மாட்ட மறக்காதீர்கள்.

கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளில் பார்த்தேன். முன்பு சும்மா இருக்கும்போதே 70 டிகிரிக்கு மேல் காட்டியது, இப்போது 44. இரைச்சலும் போயிற்று.

பின்குறிப்பு 1: "சுத்தம் செய்த பிறகு பீப் பீப் என்கிறது, படம் வரவில்லை" என்று கருத்துப் பகுதியில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். பெரும்பாலும் ராம் (மதர்போர்டில் நிற்கும் நினைவகப் பட்டை) அசைந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிற விளிம்பைப் பள்ளிக்கூட ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, கிளிப் பூட்டும்வரை அழுத்துங்கள். பீப் சத்தமே இல்லை, படமும் இல்லை என்றால் மானிட்டர் வயரைப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு இருக்கும் பெட்டியில் வயர் அந்தக் கார்டில்தான் சொருக வேண்டும்.

பின்குறிப்பு 2: ஒரு வாசகர் ரைசன் (ஏஎம்டி கம்பெனியின் புராசஸர்) கூலரை நேராக மேலே இழுத்திருக்கிறார், பேஸ்ட் ஒட்டிக்கொண்டு புராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ரைசன் 5000 வரிசை வரையிலான, ஏஎம்4 என்ற சாக்கெட்டில் உட்காரும் புராசஸர்களில் கால்கள் புராசஸரிலேயே இருக்கும், வளைந்தால் கண்ணீர்தான். ஆகவே முதலில் 10 நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள், பேஸ்ட் இளகும். பிறகு அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி விட்டுத் தூக்குங்கள்.

பின்குறிப்பு 3: பின்பக்கம் கார்டு இல்லாத இடத்தில் தகடு விழுந்துபோயிருந்தால் ஒன்று வாங்கி மூடிவிடுங்கள். பல்லி உள்ளே போக அந்த இடைவெளி தாராளம். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.