கரண்டியில் கல்லாகிப் போன சிமெண்ட்

பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய கொத்தனார் கரண்டி. கழுத்தில் விரல் தடிமனுக்குச் சிமெண்ட். சுத்தியலால் தட்டினேன், தகடு வளைந்ததுதான் மிச்சம். கம்பி பிரஷ் கோடு போட்டதோடு சரி. ஒருநாள் தண்ணீரில் ஊறப்போட்டேன் (இறுகிய சிமெண்ட் தண்ணீரில் இளகாது என்று தெரிந்தும்தான்).

பிறகு வினிகர். நுரை பொங்கி, ஒரு மணி நேரத்தில் அடங்கியது. எடுத்துப் பார்த்தால் பாதிக்குமேல் அப்படியே. நகத்தால் சுரண்டியபோதுதான் சிக்கியது: மேலே வழவழவென்று ஒரு சாம்பல் படலம். வினிகரை உள்ளே விடாமல் மறித்தது அதுதான். பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, புது வினிகர் ஊற்றியதும் மறுபடி நுரை. இப்படி நாலு தடவை. மூன்றாம் நாள் காலையில் மிச்சம் பில்லையாகப் பெயர்ந்தது. அப்பாடா!

ஆப்பசோடாத் தண்ணீரில் அலசி, துடைத்து, எண்ணெய் தடவினேன். இல்லாவிட்டால் உடனே துருவேறும். அலுமினியக் கருவிக்கு வினிகர் ஆகாது, அரித்துவிடும்.