ஒப்படைத்த கிரீன் கார்டைக் கணவருக்கோ மனைவிக்கோ மறுபடி வாங்குவது எப்படி?

கிரீன் கார்டைத் திருப்பிக் கொடுத்தவர் மறுபடி விண்ணப்பிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் "விட்டா விட்டதுதான்" என்பார்கள், மீதிப் பேர் ஐந்து வருஷம் காத்திருக்கணும் என்பார்கள். இரண்டுமே தப்பு. ஐ-407 படிவத்தில் கையெழுத்துப் போட்டு முறையாக ஒப்படைத்தவருக்கு அதனால் எந்தத் தடைக்காலமும் வராது. ஆனால் பழைய கார்டுக்கு மறுபடி உயிர் கொடுக்கவும் முடியாது. முதல் தடவை செய்த அத்தனையையும் ஐ-130இல் (உறவினரை ஸ்பான்சர் செய்யும் மனு) ஆரம்பித்து திரும்பச் செய்ய வேண்டும்.

எங்கள் நிலைமை இதுதான். நான் அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவள். மாமனார் படுத்த படுக்கையானதும் குடும்பத்தோடு தஞ்சாவூருக்கு வந்துவிட்டோம். கிரீன் கார்டுக்காரர் வெளிநாட்டில் தங்க முன்கூட்டியே வாங்கும் இரண்டு வருஷ ரீ-என்ட்ரி பர்மிட் முடிந்த பிறகும் கிளம்ப முடியவில்லை, என் கணவர் கார்டை ஒப்படைத்துவிட்டார். இப்போது பெரியவன் காலேஜுக்குப் போகும் வயதில் நிற்கிறான், அதனால் திரும்பிப் போகும் ஏற்பாடு. ஆகவே இந்தப் பதிவு, ஸ்பான்சர் செய்பவர் அமெரிக்கக் குடிமகனாகவோ குடிமகளாகவோ இருந்து, இருவருமே இந்தியாவில் இருக்கும் குடும்பங்களுக்கு. விசா முடிந்த பிறகும் அமெரிக்காவில் தங்கியது, நாடு கடத்தல் உத்தரவு, போலீஸ் வழக்கு இதெல்லாம் இருந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு நல்ல வக்கீலாகப் பாருங்கள்.

படி 1: பழைய ஃபைலைத் தேடி எடுங்கள்

படிவத்தைத் தொடும் முன் பழைய கிரீன் கார்டின் நகல், ஐ-407இன் நகல், முதல் தடவை போட்ட ஐ-130இன் ஒப்புதல் கடிதம் மூன்றையும் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். கார்டில் இருக்கும் ஏ-நம்பர் (குடியேற்றத் துறை அவருக்குக் கொடுத்த எண்) கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது. எதுவுமே கையில் இல்லையென்றால் யுஎஸ்சிஐஎஸ் (அமெரிக்கக் குடியேற்றத் துறை) தளத்தில் ஃபோயா கோரிக்கை, அதாவது அந்த ஊர் தகவல் உரிமை மனு, போட்டு அவர்கள் வைத்திருக்கும் அவருடைய ஏ-ஃபைலின் நகலைக் கேட்கலாம். ஆன்லைனில் போட்டால் போதும், விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், அந்த ஃபைல் அவர்களிடம் பத்திரமாக இருக்கிறது. முன்பு கொடுத்த தேதி, விலாசம், வேலை விவரத்துக்கும் இப்போது கொடுப்பதற்கும் முரண் வந்தால் அதைத்தான் கேள்வியாகக் கேட்பார்கள். கார்டை ஒப்படைத்தது ஒரு பிரச்சினையே இல்லை. அதை மறைக்கப் பார்த்தால்தான் பிரச்சினை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு தலைவலி பெயர். இனிஷியலை விரித்து எழுதியது, அப்பா பெயர் கடைசிப் பெயரானது, ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டால் பழைய விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியாது) என்று விழுந்தது என்று ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். இப்போதைய பாஸ்போர்ட்டில் இருப்பதையே முதன்மைப் பெயராகக் கொடுத்துவிட்டு, மற்றவை எல்லாவற்றையும் 'பயன்படுத்திய பிற பெயர்கள்' கட்டத்தில் எழுதிவிடுங்கள்.

படி 2: ஐ-130

ஆன்லைனில் போடுங்கள், இந்தியாவில் உட்கார்ந்தபடியே முடியும். 2024 ஏப்ரல் 1 முதல் ஆன்லைனில் 625 டாலர், காகிதத்தில் 675 டாலர். பணம் கட்டும் அன்று அவர்கள் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். இதை நிரப்பித் தர "கன்சல்டன்சி" நடத்துகிறவர்களுக்குப் பணம் கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை, உங்கள் கல்யாணத் தேதியும் விலாசமும் உங்களைவிட அவர்களுக்கா தெரியும்?

இரண்டு கேள்விகளில் நின்று நிதானமாகப் பதில் சொல்லுங்கள். இவருக்காக வேறு யாராவது முன்பு மனு போட்டிருக்கிறார்களா என்று ஒன்று. பழைய கார்டு கம்பெனி வழியாக வந்திருந்தால் இதற்கு 'ஆம்'. இவருக்காகவோ வேறு ஒருவருக்காகவோ நீங்களே முன்பு மனு போட்டதுண்டா என்று இன்னொன்று. எங்களைப் போல முதல் தடவையும் நீங்களே ஸ்பான்சர் செய்திருந்தால் இதற்கும் 'ஆம்', போட்ட தேதியையும் அது அங்கீகரிக்கப்பட்டது என்பதையும் எழுத வேண்டும். பழைய ஒப்புதல்தான் இருக்கிறதே, அதையே காட்டினால் என்ன என்று கேட்காதீர்கள். அதை வைத்து ஒருமுறை கார்டு வாங்கியாயிற்று, அதோடு அதன் கதை முடிந்தது.

கூடவே ஐ-130ஏ உண்டு, கணவன் அல்லது மனைவியின் ஐந்து வருஷ விலாசமும் வேலையும். அவர் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தால் அதில் கையெழுத்துக்கூட வேண்டாம், ஆனால் நிரப்பித்தான் ஆக வேண்டும். உண்மையான திருமணம்தான் என்பதற்கான சான்றையும் புதிதாகக் கொடுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் இரண்டு பெயரும் இருப்பதைவிடப் பெரிய சான்று என்ன இருக்கிறது, அப்புறம் கூட்டு வங்கிக் கணக்கு, வெவ்வேறு வருஷங்களின் போட்டோக்கள். கல்யாண ஆல்பம் முழுவதும் வேண்டாம்.

போட்டபின் காத்திருக்க வேண்டியதுதான். ஒரு வருஷம் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

படி 3: என்விசி கட்டணங்கள், டிஎஸ்-260

ஐ-130 ஒப்புதலானதும் கேஸ் நேஷனல் விசா சென்டருக்கு (என்விசி) போகும். ஆதரவுப் பத்திரத்துக்கு (அடுத்த படியில் வரும் ஐ-864) 120 டாலர், விசா விண்ணப்பத்துக்கு 325 டாலர். கட்டணம் ஏறியபின்தான் ஆன்லைன் விசா விண்ணப்பமான டிஎஸ்-260 திறக்கும். அதில் பழைய ஏ-நம்பரையும் பழைய சோஷியல் செக்யூரிட்டி எண்ணையும் மறக்காமல் கொடுங்கள். அந்த எண் ஆயுசுக்கும் ஒன்றுதான், கார்டை ஒப்படைத்ததால் அது போய்விடாது, புது எண் கேட்கவும் வேண்டாம்.

காகிதங்களை ஸ்கேன் செய்து ஏற்றுவது பற்றி ஒரு வார்த்தை. ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தால் முடித்ததும் அங்கிருக்கும் கம்ப்யூட்டரில் உங்கள் ஃபைல்களை அழிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். சைஸ் குறைப்பதற்கு இலவச வலைத்தளங்களில் பாஸ்போர்ட்டை ஏற்றுவதும் எனக்குப் பிடிக்காது. நான் லிப்ரே ஆபீஸிலேயே படங்களின் தரத்தைக் குறைத்து பிடிஎஃப் எடுத்தேன், நன்றாகவே வந்தது.

படி 4: ஐ-864, டொமிசைல்

எங்களை நிற்க வைத்த இடம் இது. இந்தியாவில் குடியிருந்துகொண்டு ஸ்பான்சர் செய்யும் எல்லோரும் இங்கேதான் நிற்பார்கள். பரீட்சை இவருக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கேள்வியெல்லாம் என்னைப் பார்த்து வந்தது.

ஐ-864 என்பது ஸ்பான்சர் தரும் ஆதரவு உறுதிமொழி. பழைய ஐ-864, இவர் கார்டை விட்டு நாட்டை விட்டு வெளியேறியதோடு முடிந்துவிட்டது, புதிதாகத் தர வேண்டும். வருமானம் அமெரிக்க வறுமைக் கோட்டு அளவில் 125 சதவீதம் இருக்க வேண்டும். 2025 கணக்குப்படி நான்கு பேர் குடும்பத்துக்கு 40,187 டாலர். தஞ்சாவூரில் வாங்கும் சம்பளம், அங்கே போன பிறகும் அதே வேலையிலிருந்து தொடர்ந்து வந்தால்தான் கணக்கில் சேரும். அது இல்லாதவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, சொத்து: குடிமகனின் கணவன் மனைவி என்றால் குறையும் தொகையைப் போல மூன்று மடங்கு காட்ட வேண்டும், அதுவும் ஒரு வருஷத்துக்குள் பணமாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இன்னொன்று, அமெரிக்காவில் வசிக்கும் குடிமகனோ கிரீன் கார்டுக்காரரோ கூட்டு ஸ்பான்சராக வருவது.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த வரியில். என் தம்பி கூட்டு ஸ்பான்சராகக் கையெழுத்துப் போட்டுவிட்டான், வருமானப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் டொமிசைல் தீரவில்லை. மனு போட்டவரின் நிரந்தர வசிப்பிடம் அமெரிக்காவில் இருக்க வேண்டும், இல்லையென்றால் கணவர் அங்கே இறங்கும் நாளுக்குள் தானும் போய்க் குடியேறப்போவதாக நிரூபிக்க வேண்டும். கூட்டு ஸ்பான்சர் எத்தனை கோடி காட்டினாலும் இந்த நிபந்தனை மனுதாரரின் தலைமேல்தான்.

"சீக்கிரம் போய்விடுவோம்" என்று கடிதம் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள், காகிதம் வேண்டும். நான் கொடுத்தவை: மூடாமல் வைத்திருந்த அமெரிக்க வங்கிக் கணக்கும் அதற்கு இங்கிருந்து மாற்றிய பணத்தின் ரசீதும், அங்கே வேலைக்கு விண்ணப்பித்த மின்னஞ்சல்களும் ஒரு வேலை உத்தரவும், வீடு கிடைக்கும்வரை தன் வீட்டில் தங்கலாம் என்று தம்பி தந்த கடிதமும் அவன் வீட்டு லீஸ் நகலும், சின்னவளின் பள்ளிச் சேர்க்கைக்கான கடிதப் போக்குவரத்து, தபால் ஓட்டு போட்ட பதிவு. எல்லாவற்றுக்கும் மேல் எது எதை நிரூபிக்கிறது என்று சொல்லும் ஒரே ஒரு பக்கக் கடிதம். அந்தக் கடிதத்தில் நாங்கள் கிளம்ப நினைக்கும் மாதத்தைக் குறிப்பிட்டிருந்தேன். மாதமே சொல்லாத திட்டத்தை எந்த அதிகாரி திட்டமாக எடுத்துக்கொள்வார்?

டாக்ஸ் ரிட்டர்னும் இங்கேதான் கேட்பார்கள், கடைசி ஒரு வருஷத்துக்கானது கட்டாயம். அமெரிக்கக் குடிமக்கள் எந்த நாட்டில் சம்பாதித்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும். இந்திய வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் (வெளிநாட்டு வங்கிக் கணக்குகள் பற்றிய) அறிக்கையும் உண்டு. விட்டுப்போயிருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு இந்தப் படிக்கு வாருங்கள்.

கார்டு ஒப்படைத்தவர்களுக்கு மட்டும் பெரும்பாலும் பொருந்தும் ஒரு சலுகை உண்டு, இதை யாரும் சொல்வதில்லை. அவர் கணக்கில் சோஷியல் செக்யூரிட்டியின் 40 காலாண்டுகள் சேர்ந்திருந்தால், அதாவது சுமார் பத்து வருஷ வேலை, ஐ-864 தேவையில்லை, விலக்குக் கோரும் ஐ-864டபிள்யூ போதும். திருமணமான பிறகு நீங்கள் வேலை பார்த்த காலாண்டுகளையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். முதலில் இதை எண்ணிப் பாருங்கள்.

படி 5: ஊர்க் காகிதங்கள்

பிசிசியை (போலீஸ் நன்னடத்தைச் சான்று) பாஸ்போர்ட் சேவாவில் போடுங்கள், உள்ளூர் போலீஸ் ஸ்டேஷன் கடிதம் செல்லாது. அமெரிக்காவில் எத்தனை வருஷம் இருந்திருந்தாலும் அந்த நாட்டின் போலீஸ் சான்று கேட்பதில்லை. நடுவில் துபாய், சிங்கப்பூர் என்று எங்காவது ஒரு வருஷத்துக்கு மேல் இருந்திருந்தால் அங்கிருந்து வாங்க வேண்டும், அதை முதலிலேயே தொடங்குங்கள்.

பழைய பிறப்புச் சான்றிதழ்களில் பெயரே இருக்காது, "ஆண்" என்று மட்டும் போட்டு அப்பா அம்மா பெயரோடு விட்டிருப்பார்கள். பதிவு செய்த அலுவலகத்தில் பெயர் சேர்க்கச் சொல்லி மனு கொடுத்து முடியுங்கள். பதிவே இல்லையென்றால் இல்லாமைச் சான்றும், பிறப்பை அறிந்த மூத்த உறவினர்களின் அஃபிடவிட்டும். திருமணச் சான்று சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும், கோயில் ரசீதும் மண்டபப் பத்திரிகையும் போதாது. தமிழில் இருப்பவற்றுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும், "இது முழுமையானது, சரியானது, எனக்கு இரண்டு மொழியும் தெரியும்" என்று மொழிபெயர்த்தவரின் கையெழுத்தும் வேண்டும்.

படி 6: மெடிக்கல், இன்டர்வியூ

சென்னை கான்சுலேட் பக்கத்தில்தானே என்று இருந்துவிடாதீர்கள், எங்களுக்கு இன்டர்வியூ மும்பையில். மெடிக்கலை கான்சுலேட் அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டுமே செய்ய வேண்டும். முன்பு போட்ட தடுப்பூசிகளின் அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள், திரும்பக் குத்தாமல் தப்பிக்கலாம்.

ஏன் கார்டை விட்டீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். "அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தேன்" என்று இவர் ஒரே வாக்கியத்தில் சொன்னார், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருந்தது, கேட்கவில்லை. அடுத்த கேள்வி: "மனைவி எப்போது வருகிறார்?"

விசா வந்ததும் கிளம்பும் முன் ஆன்லைனில் 235 டாலர் கட்டினால் கார்டு தபாலில் வரும். உள்ளே நுழையும் நாளில் கல்யாணமாகி இரண்டு வருஷம் தாண்டியிருந்தால் நேரடியாகப் பத்து வருஷக் கார்டு. குடியுரிமைக்கான மூன்று வருஷக் கணக்கு புதுக் கார்டின் தேதியிலிருந்துதான், பழைய வருஷங்கள் சேராது.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

கார்டை ஒப்படைக்கவே இல்லை, மூன்று வருஷமாக இங்கேயே இருக்கிறோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். கார்டு காலாவதியானதால் மட்டும் அந்தஸ்து போய்விடாது. திரும்பும் எண்ணத்தோடு கிளம்பி, உங்கள் கையை மீறிய காரணத்தால் தங்க நேர்ந்ததென்று காட்ட முடிந்தால் எஸ்பி-1 விசாவுக்கு (திரும்பி வரும் கிரீன் கார்டுக்காரருக்கானது) டிஎஸ்-117 படிவம் போடலாம், 180 டாலர். அது நிராகரிக்கப்பட்டால் ஐ-130 இருக்கவே இருக்கிறது. ஏர்போர்ட்டில் அதிகாரி ஐ-407ஐ நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் கிடையாது, குடியேற்ற நீதிபதியிடம் போகிறேன் என்று கேட்கும் உரிமை உண்டு.

ஸ்பான்சரிடமும் கிரீன் கார்டுதான் இருக்கிறது என்றால் இந்தப் பதிவு பாதிதான் பொருந்தும். அது எஃப்2ஏ வரிசை (கிரீன் கார்டுக்காரர்களின் கணவன் மனைவிக்கானது), மாதாமாதம் விசா புல்லட்டின் பார்த்துக் காத்திருக்க வேண்டும். ஸ்பான்சர் தன் கார்டோடு இந்தியாவில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தால் முதலில் அவர் கார்டுக்கே ஆபத்து.

இன்னொருவர் வரி பற்றிக் கேட்டார். ஒப்படைத்தவரிடம் ஒப்படைத்த வருஷத்தோடு முடியும் 15 வரி வருஷங்களில் 8 வருஷங்களாவது கார்டு இருந்திருந்தால், ஒப்படைத்த வருஷத்துக்கு ஐஆர்எஸ்ஸிடம் (அமெரிக்க வரித் துறை) 8854 படிவம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லையென்றால் மறுபடி குடியேறும் முன் இதில் பழக்கமுள்ள ஆடிட்டர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். இதற்கு மட்டும் நான் காசு செலவழிக்கச் சொல்வேன்.