ஆற்றுப் பாலத்துக்கான சூழல் அறிக்கையை வாசிக்கும் முறை

புதிய தேசிய நெடுஞ்சாலை ஒன்று உங்கள் ஊர் ஆற்றைக் கடந்து செல்லவிருந்தால், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாட்கள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வரும். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு வைக்கப்படும். நூற்றுக்கணக்கான பக்கங்களை அந்த 30 நாட்களுக்குள் படித்து முடிக்க எல்லோராலும் இயலாது. எனவே மீன், நீர், போக்குவரத்து ஆகிய மூன்று பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் எண்ணும் எந்த மாதத்தில், எந்த வேளையில், ஆற்றின் எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்று தேடுங்கள்.

முதலில் ‘அடிப்படை நிலைத் தரவு’ என்ற தலைப்புக்குச் செல்லுங்கள். பணி தொடங்குவதற்கு முன் ஆறு எப்படி இருந்தது என்பதற்கான பதிவு இது. பெரும்பாலும் மழைக்காலம் நீங்கலான ஒரே பருவத்தில் இத்தரவு திரட்டப்படுகிறது. கெண்டை வகைகள் பலவும் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறித்தான் முட்டையிடுகின்றன. விலாங்கோ முட்டையிட ஆற்றைவிட்டுக் கடலுக்கே போகிறது. கோடையில் வலைவீசித் தயாரித்த பட்டியலில் மீன்களின் இந்த இடப்பெயர்வு தென்படாது. மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்ட பின், கடலிலிருந்து காவிரியில் ஏறிவந்த உள்ளம் மீன் அருகிப்போனதை நினைவில் வையுங்கள். பாலம் அணையைப் போல ஆற்றை அடைப்பதில்லை என்றாலும், தூண் அமைக்கப் போடும் தற்காலிக மண்கரையும், அதனூடே நீர் கடக்க நீர்மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்த குழாயும், மீன் ஏறும் மாதத்தில் வழியை மறித்துவிடக்கூடும். ஆற்றுக்குள் நடக்கும் வேலை எந்த மாதங்களில் நிறுத்தி வைக்கப்படும் என்பது ‘தணிப்பு நடவடிக்கை’ பகுதியில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ‘அட்டவணையில் உள்ள இனம் எதுவும் இல்லை’ என்ற வரியைக் கண்டு நிறைவடைந்துவிடக் கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்ட அட்டவணை வேறு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியல் வேறு.

நீரின் தரத்துக்கு இரண்டு சொற்கள் முதன்மையானவை. நீரில் கரைந்துள்ள உயிர்வளி (ஆக்சிஜன்) மீன் சுவாசிப்பதற்கானது. மீன்வளத்துக்குரிய ‘டி’ வகுப்பு நீரில் அது லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கிறது. உயிர்வேதி உயிர்வளித் தேவை என்பது, கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் உண்டுதீர்க்கும் உயிர்வளியின் அளவு. இது கூடினால் முன்னது குறையும். பாசி மண்டிய ஆற்றில் பகல் வெயிலில் உயிர்வளி ஏறும், விடிவதற்குச் சற்று முன் மிகத் தாழும். ஆகவே நண்பகலில் எடுத்த ஒரு மாதிரி ஆற்றின் மெய்யான நெருக்கடியைச் சொல்லாது. மாதிரி எடுப்பதை நேரில் பார்க்க வாய்த்தால், கண்ணாடிக் குப்பியில் காற்றுக்குமிழி சிக்காமல் நீரை நிரப்பி, மாங்கனீசு உப்பும் காரம் கலந்த அயோடைடும் சேர்ப்பதைக் கவனியுங்கள்: உயிர்வளி இருந்தால் பழுப்பு நிற வண்டல் படியும், இல்லையென்றால் வெள்ளையாகவே நிற்கும்.

போக்குவரத்துப் பகுதியில் வண்டிகளின் எண்ணிக்கை ‘பயணிகள் கார் அலகு’ என்ற கணக்குக்கு மாற்றப்பட்டிருக்கும். இந்திய சாலைகள் பேராயத்தின் 1990ஆம் ஆண்டு வழிகாட்டி ஊரகச் சாலைக்குக் காருக்கு 1, இருசக்கர வண்டிக்கு 0.5, பேருந்துக்கும் லாரிக்கும் 3, மாட்டுவண்டிக்கு 8 என்று மதிப்பிடுகிறது. சாலையை எவ்வளவு நேரம், எவ்வளவு இடம் அடைத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே இந்த மதிப்பு அமைகிறது. எண்ணிய நாட்களில் சந்தை நாள் இருந்ததா, கல்லும் மணலும் ஏற்றிவரும் கட்டுமான லாரிகள் சேர்க்கப்பட்டனவா என்று கேளுங்கள். பாலத்தின் மேல்தளத்து மழைநீர் எண்ணெயையும் டயர்த் துகளையும் அள்ளிக்கொண்டு நேரே ஆற்றில் விழுவதால், இந்த எண்ணிக்கை மீனுக்கும் உரியதே. வடிகுழாய் எங்கே திறக்கிறது என்பதை வரைபடத்தில் கண்டுபிடியுங்கள்.

கேள்விகளைப் பக்க எண்ணோடு எழுதிக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். கூட்டத்தின் முடிவில் நடவடிக்கைக் குறிப்பு மக்கள்முன் வாசிக்கப்பட வேண்டும். உங்கள் கேள்வி அதில் விடுபட்டிருந்தால், அப்போதே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள்.