கர்ப்பிணிக்கு டிங்கி: கிளினிக்குக்கும் வீட்டுக்கும் நடுவே நடக்கும் தவறுகள்

கோலாலம்பூரில் டிங்கிக்கு ஓய்வு மாதம் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் காய்ச்சலுக்குப் பக்கத்துத் தனியார் கிளினிக், கர்ப்பப் பரிசோதனைக்கு அரசாங்க தாய்சேய் கிளினிக் என்று பிரித்தே போகிறோம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

காய்ச்சலுக்குப் போகும்போது பிங்க் புத்தகத்தை (கர்ப்பப் பரிசோதனைப் பதிவேடு) வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அதில் இருக்கும் ஹீமோகுளோபின் அளவு அன்றுதான் மிகவும் தேவைப்படும். கர்ப்பத்தில் இரத்தம் நீர்த்திருப்பது இயல்பு. ஹீமோகுளோபின் 11 என்றால் ஹெமட்டோக்ரிட், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, ஏறத்தாழ 33% (மூன்றால் பெருக்கினால் தெரிந்துவிடும்). டிங்கியில் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ஹெமட்டோக்ரிட் 39-க்கு ஏறினாலும், பெண்களுக்குப் பொதுவாக வைத்திருக்கும் 40 என்ற எல்லையைத் தாண்டியிருக்காது. பழைய அளவு தெரியாதவர் 'நார்மல்' என்றுதான் சொல்வார். உண்மையில் அது கிட்டத்தட்ட 20% ஏற்றம். கர்ப்பத்தில் நாடி வேகமாகவும் இரத்த அழுத்தம் சற்றுக் குறைவாகவும் இருப்பதால், அதிர்ச்சி நிலையின் (உறுப்புகளுக்கு இரத்த ஓட்டம் குறைந்துபோகும் ஆபத்தின்) தொடக்கமும் இதேபோல் மறைந்துபோகும்.

டிங்கி வைரஸின் புரதத்தை இரத்தத்தில் தேடும் என்எஸ்1 சோதனை நெகட்டிவ் என்றதும் டிங்கி இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. முதல் சில நாள்களில்தான் அது நன்றாகப் பிடிபடும். முன்பே ஒருமுறை டிங்கி வந்தவருக்கு அப்போதும் தவறிப்போகலாம். காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சொல்லுங்கள், முழு இரத்தப் பரிசோதனையை மறுநாளும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். டிங்கி உறுதியானால் கர்ப்பிணி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், வீட்டில் இருந்து பார்த்துக்கொள்ளும் விஷயமல்ல.

மாதவிடாய் வலிக்கு வாங்கிய பொன்ஸ்தான் வீட்டு அலமாரியில் கிடக்கும். உடம்பு வலி என்று அதை எடுத்துப் போட்டால் இரத்தப்போக்கு கூடும். இபுபுரோஃபெனும் அப்படியே. பனடோல் (பாராசிட்டமால்) மட்டும் போதும், 6 மணி நேர இடைவெளியில், நாளுக்கு 4 முறைக்கு மேல் வேண்டாம். இரத்த அழுத்த அபாயத்துக்காகச் சிலருக்குத் தினமும் கொடுக்கும் கார்டிப்ரின் ஆஸ்பிரின்தான். பலருக்கு இது தெரியாது. அடுத்த மாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசியையும் தள்ளிப்போடச் சொல்லுங்கள்: இரத்தம் உறைய உதவும் தட்டணு குறைந்திருக்கும்போது தசையில் ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கட்டும்.

காய்ச்சல் விட்டதும் நிம்மதியாகத் தூங்கப் போவதுதான் மிக மோசமான தவறு. அபாயமான 24 முதல் 48 மணி நேரம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். அடிவயிற்று வலியைப் 'பிள்ளை அசைகிறது' என்றும், தொடர் வாந்தியை மசக்கை என்றும் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். கேட்காதீர்கள், கிளம்புங்கள்.

நிலவேம்புக் கஷாயம் கர்ப்பத்தில் வேண்டாம். பப்பாளி இலைச் சாறு சிகிச்சை ஆகாது. கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் இனிப்பான ஐசோடோனிக் பானத்தைக் குடம் குடமாகக் குடிக்காமல், எதை எவ்வளவு குடிப்பது என்று கேட்டுக்கொள்ளவும்.

பிரசவத்தை ஒட்டி டிங்கி வந்திருந்தால் குழந்தை மருத்துவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றலாம் என்பதால் பிறந்த பிறகும் சில நாள்கள் கண்காணிப்பார்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.